யாருடைய ரத்தம்?

"அம்மா, விரலை நீட்டுங்க."

நீட்டினேன். சுருக்கென்று ஒரு குத்து. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் குன்றிமணி போல நின்றது. அந்தப் பெண் அதை ஒரு சின்னப் பட்டையில் தொட்டு, கைக்கு அடக்கமான ஒரு மெஷினில் சொருகினாள். என் கடைசிப் பெண்ணின் வயதுதான் இருக்கும் அவளுக்கு. மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒன்பது புள்ளி ரெண்டு. உங்ககிட்ட எடுக்க முடியாதும்மா. உங்களுக்கே யாராவது குடுக்கணும் போலிருக்கு!"

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, ஆஸ்பத்திரி பிளட் பேங்கில் நடந்தது இது. மாடியில் லேபர் வார்டில் என் மூத்த மகள் படுத்திருந்தாள். ஒன்பது மணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. "பையன்!" என்று வெளியே வந்து சொன்னார்கள். சர்க்கரை வாங்க என் கணவர் கடைக்கு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் நிலைமை தலைகீழாகிவிட்டது. மகளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. டாக்டர் வெளியே வந்து, "ரெண்டு யூனிட் ரத்தம் உடனே ஏத்தறோம். எங்ககிட்ட இருக்கு. ஆனா அதுக்கு ஈடா உங்க ஆளுங்க ரெண்டு பேர் குடுத்துட்டா நல்லது. அடுத்து வர்ற பொம்பளைக்கு ஆகும்" என்றார்.

யோசிக்கவே இல்லை. நான்தான் முதலில் படியிறங்கி ஓடினேன். பெற்ற தாய் இருக்கும்போது வேறு யார் ரத்தம் எதற்கு? "என் ரத்தத்தை எடுத்து என் பொண்ணுக்கு ஏத்துங்க" என்று கையை நீட்டியவளுக்குக் கிடைத்த பதில்தான் அந்த 9.2.

சகோதரிகளே, அன்று ராத்திரி ரத்தத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டது, அதுவரை ஐம்பது வருஷமாகத் தெரிந்துகொள்ளாதது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

வாய் நிறைய ரத்தம்

நாம் பேசும் பேச்சில் ரத்தம் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கோபம் வந்தால் ரத்தம் கொதிக்கிறது. துக்கம் வந்தால் ரத்தக் கண்ணீர். பயத்தில் முகத்தில் ரத்தம் சுண்டிப் போகிறது. பிள்ளை நன்றாகப் பாடினால், "அவங்க தாத்தா ரத்தம், அப்படித்தான் இருக்கும்" என்கிறோம். சம்பந்தம் பேசும்போது குலம், கோத்திரம், ரத்தம் எல்லாம் வரும். அண்ணன் தம்பிக்குள் சொத்துச் சண்டை வந்து கோர்ட் வரை போனாலும், "நீரடித்து நீர் விலகுமா, என்ன இருந்தாலும் ஒரே ரத்தம்" என்று சமாதானம் சொல்ல ஒரு பெரியவர் இருப்பார்.

அதே ரத்தம் மாதத்தில் மூன்று நாள் நம் உடம்பிலிருந்து வெளியே வந்தால் அதற்குப் பெயர் தீட்டு. அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது.

ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வெட்கம். இந்த இரண்டுக்கும் நடுவில், நம் உடம்பில் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க மட்டும் நமக்கு நேரம் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைக்கவில்லை. என் மகளுக்கும் நான் பார்த்துக்கொடுக்கவில்லை.

அலமாரியில் இருந்த மாத்திரை

மகளுக்கு ஏன் அப்படி ஆயிற்று? டாக்டர் பிறகு விளக்கிச் சொன்னார். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறதாம். குழந்தையும் நஞ்சும் வெளியே வந்ததும் கர்ப்பப்பை இறுக்கிச் சுருங்கி அந்த ரத்தக் குழாய்களை அடைக்க வேண்டும். சில பேருக்கு அது சோர்ந்து போய்ச் சுருங்காமல் இருந்துவிடும். அப்போது குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ரத்தம் போகும். ஊசி போட்டு, மருந்து கொடுத்து, கர்ப்பப்பையை அமுக்கிப் பிடித்து நிறுத்தப் பார்ப்பார்கள்.

"இது யாருக்கு வேணா வரலாம்மா. ஆனா உடம்புல ரத்தம் நல்லா இருக்கிறவ அரை லிட்டர் போனாலும் தாங்கிப்பா. உங்க பொண்ணு வரும்போதே குறைச்சலோடதான் வந்தா. இரும்பு மாத்திரை குடுத்திருப்பாங்களே, சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாத்திரை என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒன்று, மொத்தம் 180 நாளைக்குச் சாப்பிட வேண்டும் என்று கிராம செவிலியர் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனார். பத்து நாள் சாப்பிட்டாள். "குமட்டுதும்மா, வெளிக்கு கறுப்பா போகுது" என்றாள். "அப்படின்னா விட்டுடு. அதைத் தின்னா குழந்தை கறுப்பா பொறக்கும்னு சொல்றாங்க" என்று சொன்னவள் வேறு யாருமில்லை, நான்தான். சொல்லிவிட்டு, பாலில் குங்குமப்பூ கரைத்துக் கொடுத்தேன்!

மாத்திரைக்கும் குழந்தையின் நிறத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியே போவதால்தான் மலம் கறுப்பாகிறது. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடலாம். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரை மாற்றிக்கொள்ளலாம். ஊசியாகவும் ஏற்றலாம். நிறுத்துவது மட்டும் கூடாது. இவ்வளவும் அன்றைக்குத் தெரிந்திருந்தால்...

தாய் ரத்தம் சேராதா?

பிளட் பேங்கில் எனக்கு இன்னொரு அதிர்ச்சியும் காத்திருந்தது. என் குரூப் என்னவென்றே எனக்குத் தெரியாது. அங்கேயே பார்த்தார்கள். பி பாசிட்டிவ். என் கணவர் ஏ பாசிட்டிவ். மகள் ஓ பாசிட்டிவ்.

"உங்க ரத்தம் உங்க பொண்ணுக்கு ஏறாதும்மா. உங்க வீட்டுக்காரரோடதும் ஏறாது" என்றார் அங்கிருந்த டெக்னீஷியன் தம்பி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட நின்ற சம்பந்தியம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "அதெப்படி, தாய் ரத்தம் மகளுக்குச் சேராதா?"

அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு குணம் சேர்ந்துதான் ஒருவரின் குரூப் அமைகிறது. ஏ குரூப்காரரின் உள்ளே ஓ ஒளிந்திருக்கலாம். பி குரூப்காரியின் உள்ளேயும் ஓ ஒளிந்திருக்கலாம். இருவரும் அந்த ஓ-வையே பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் பிள்ளை ஓ. ஆகவே ஏ-யும் பி-யும் கல்யாணம் செய்துகொண்ட வீட்டில் நாலு குரூப்பிலும் பிள்ளைகள் இருக்கலாம். சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஓ குரூப்காரர்களுக்கு ஓ குரூப்பின் சிவப்பணுக்கள்தான் சேரும்.

இந்த ஏ, பி, ஓ பிரிவைக் கண்டுபிடித்தவர் வியன்னாவில் இருந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற டாக்டர். தன்னுடைய ரத்தத்தையும் கூட வேலை செய்தவர்களின் ரத்தத்தையும் கலந்து பார்த்தார். சில கலவை திரிந்த பால் போலக் கட்டி கட்டியாகிறது, சில ஆகவில்லை. அதை வைத்து 1901-ல் பிரிவுகளைச் சொன்னார். 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னால் ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றி எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். ஏன் சிலர் பிழைக்கிறார்கள், சிலர் சாகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் பிறந்த ஜூன் 14-ம் தேதியைத்தான் 2004 முதல் உலக ரத்ததானம் செய்வோர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஒரே குரூப்பாகவே இருந்தாலும், நெருங்கிய ரத்த சொந்தத்தின் ரத்தம் உசத்தி என்று நினைக்காதீர்கள். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். அந்நிய ரத்தத்தில் வரும் வெள்ளையணுக்களை நம் உடம்பு அடையாளம் கண்டு அழித்துவிடும். தாய், பிள்ளை, கூடப்பிறந்தவர் ரத்தமானால், 'இது நம்ம ஆள்தானே' என்று உடம்பு ஏமாந்து விட்டுவிடக்கூடும். உள்ளே தங்கிய அந்த அணுக்கள் பிறகு அந்த உடம்பையே தாக்க ஆரம்பிக்கும். அபூர்வமாகத்தான் வரும், ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம். அதனால் நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தை ஏற்ற வேண்டி வந்தால் கதிர்வீச்சில் காட்டிய பிறகே ஏற்றுவார்கள்.

ரத்த சொந்தம், ரத்த சொந்தம் என்கிறோமே, ரத்தம் ஏற்றுகிற விஷயத்தில் முன்பின் தெரியாதவன்தான் நல்ல சொந்தம்!

பையில் எழுதியிருந்தது

ஈடு கொடுப்பதற்கு எந்த குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்றார்கள். யார் கொடுப்பது?

நான் 9.2. என் நாத்தனார் 10. கல்லூரியில் படிக்கும் என் சின்ன மகள் 8.9. என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, எடுக்க மாட்டார்கள். மூன்று பெண்கள் வரிசையாக விரலை நீட்டினோம். மூன்று பேரும் தேறவில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை ஓடியாடி வேலை செய்கிறோமே, நமக்கு என்ன என்று இருந்தவர்கள்தான் மூவரும்.

கொழுந்தனார் வீட்டுக்குப் போன் போட்டேன். இரண்டு வாட்டசாட்டமான பிள்ளைகள். ஓரகத்திதான் எடுத்தாள். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னும் கல்யாணம் ஆகாத புள்ளைங்க. ரத்தம் குடுத்தா உடம்பு விட்டுப் போயிடும்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆண் பிள்ளைகளை ரத்தம் கொடுக்கவிடாமல் தடுப்பது பெரும்பாலும் நம்மைப் போன்ற அம்மாக்கள்தான்.

கடைசியில் மாப்பிள்ளை ஒரு யூனிட் கொடுத்தார். இன்னொன்று கொடுத்தவர், என் மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்த ஆட்டோக்காரர். வாடகை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். "என்ன ஆச்சும்மா?" என்று கேட்டுக்கொண்டு நின்றவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய்ப் படுத்தார். இருபது நிமிஷத்தில் ஒரு டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தார்.

இதற்கிடையில் மகளுக்கு ஏற்றுவதற்கான பை வந்தது. சம்பந்தியம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்: "ஏன் தம்பி, இது யாரோட ரத்தம்? நல்ல ஆளுங்களோடதுதானா?"

அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. அந்தத் தம்பி முகம் சுளிக்கவில்லை. பையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கம்மா. நம்பர் இருக்கு. குரூப் இருக்கு. எடுத்த தேதி இருக்கு, காலாவதி ஆகிற தேதி இருக்கு. எயிட்ஸ், ரெண்டு வகை மஞ்சள் காமாலை, பால்வினை நோய், மலேரியா, அஞ்சு டெஸ்ட்டும் பண்ணியாச்சுன்னு இருக்கு. வேற எதுவும் எழுத இதுல இடம் இல்லம்மா."

சம்பந்தியம்மா ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்தக் கேள்வி என் மனசிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் கேட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

விடியற்காலம் நாலு மணிக்கு மகளின் உதட்டில் நிறம் திரும்பியது. "அம்மா, தண்ணி" என்றாள்.

ரத்தம் வெளியே போகக்கூடாது

இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ரத்தம் வெளியே போகக்கூடாது, சொத்தும் வெளியே போகக்கூடாது என்று அத்தை மகனுக்கும் தாய்மாமனுக்கும் பெண்ணைக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். எங்கள் குடும்பத்திலேயே உண்டு. எல்லாருக்கும் கெடுதல் வந்துவிடாது. ஆனால் ஒரே குடும்பத்தில் ஓடிவரும் குறை, கணவன் மனைவி இருவரிடமும் இருந்துவிட்டால் பிள்ளைக்கு அது முழுதாக வந்து சேர வாய்ப்புக் கூடும்.

தலசீமியா அப்படி ஒரு நோய். குறையைச் சுமக்கிறவர் சாதாரணமாகத்தான் இருப்பார். கொஞ்சம் ரத்தசோகை மாதிரி தெரியலாம். சுமக்கிற இருவர் கல்யாணம் செய்துகொண்டால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. கடுமையாக வந்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தம் வெளியே போகக்கூடாது என்று செய்த கல்யாணத்தில் பிறந்த குழந்தை, வெளியார் ரத்தத்தில்தான் உயிர் வாழ வேண்டியிருக்கிறது! கல்யாணத்துக்கு முன்போ, கர்ப்பமான உடனேயோ ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் இதைத் தெரிந்துகொள்ளலாம். ஜாதகம் பார்ப்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கூட இதையும் பாருங்கள்.

இளம் தாய்மார்கள் தங்கள் குரூப்பையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நீங்கள் நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ் என்றால் டாக்டரிடம் முதல் மாதமே சொல்லுங்கள். குழந்தை பாசிட்டிவாக இருந்தால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஒரு ஊசி போட வேண்டும். கர்ப்பத்தின் போதே ஒன்று போடுவதும் உண்டு. கரு கலைந்திருந்தாலும் போட வேண்டியிருக்கலாம். விட்டால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து.

திண்ணையில் கற்ற பாடம்

அதெல்லாம் சரி, எனக்கு ஏன் 9.2?

மகளை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, "நீயும் போய்க் காட்டும்மா" என்று அவளே என்னை விரட்டினாள். டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி: "மாசாமாசம் எப்படிப் போகுது?"

நான் விழித்தேன். இரண்டு வருஷமாகவே அதிகம். எட்டு ஒன்பது நாள் நிற்காது. ராத்திரி எழுந்து துணி மாற்ற வேண்டியிருக்கும். கட்டி கட்டியாகப் போகும். 'நிற்கிற வயசு, இப்படித்தான் இருக்கும்' என்று யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்தால் எங்கள் ஊர்த் திண்ணைதான் ஞாபகத்துக்கு வருகிறது. நான் பெரிய மனுஷியானபோது ஊரே கொண்டாடியது. தாய்மாமன் சீர், புட்டு, உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. பதினாறு நாள் ராஜ உபசாரம். அடுத்த மாதம் அதே ரத்தம் வந்தபோது, தனித் தட்டு, தனிப் பாய், 'அங்கே தொடாதே, இங்கே வராதே'. துணியைக்கூட யார் கண்ணிலும் படாமல் வேறு துணிக்கு அடியில் காயப்போட வேண்டும். வெயில் படாத துணி எப்படி இருக்கும் என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். என் பாட்டிக்கு அது மூன்று நாள் ஓய்வாகவும் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் எனக்குப் படிந்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: ரத்தத்தை மறை.

முப்பத்தைந்து வருஷம் மறைத்தேன். எவ்வளவு போகிறது என்று எனக்கே தெரியாத அளவுக்கு மறைத்தேன்.

சாதாரணமாக ஒரு மாதவிலக்கில் 30, 40 மில்லி ரத்தம்தான் போகுமாம். 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம். யாரும் அளந்து பார்க்க முடியாது. அதனால் இப்படிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாப்கின் நனைந்து போகிறதா? ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா? ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதாகக் கட்டி வருகிறதா? ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு பொட்டு ரத்தம் பட்டால்கூட மறுநாளே போக வேண்டும்.

எனக்குக் கர்ப்பப்பையில் சின்ன நார்க்கட்டி. பயப்படுகிற விஷயமில்லை. மருந்தில் போக்கு கட்டுப்பட்டது. இரண்டு வருஷம் நான் 'வயசாச்சு' என்று நினைத்துக்கொண்டிருந்த மூச்சு வாங்கலும், படியேறினால் வந்த படபடப்பும், எரிச்சலும், எல்லாம் ரத்தசோகைதான்.

நான் மட்டுமா? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் நூற்றுக்கு 25. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. பெண்ணுக்கு மட்டும் ஏன் இப்படி? மாதவிலக்கிலும் பிரசவத்திலும் போவதை ஈடுகட்ட நமக்கு அதிகம் வேண்டும். நாமோ எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, முட்டையைப் பிள்ளைக்கும் மீனின் நடுத்துண்டை அவருக்கும் வைத்துவிட்டு, குழம்புச் சட்டியை வழித்து ரசத்தோடு சாப்பிட்டு எழுகிறோம்.

பீட்ரூட் சாறும் இரும்பு மாத்திரையும்

ரத்தம் ஊற என்ன சாப்பிடலாம் என்று கேட்டால் பீட்ரூட், மாதுளை என்பார்கள். நிறம்தான் சிவப்பு, இரும்புச் சத்து அதில் கொஞ்சம்தான். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல், ஆட்டிறைச்சி, மீன் நல்லது. அதில் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும். சைவக்காரர்களுக்குக் கீரைகள், கேழ்வரகு, கம்பு, கொள்ளு, பயறு, எள். இவற்றில் உள்ள இரும்பு உடம்பில் சேர எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற புளிப்பு ஒன்று கூட வேண்டும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் இரும்பு சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இந்த ஒரு பழக்கத்தை மாற்றத்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது!

நிஜமாகவே ரத்தசோகை வந்துவிட்டால் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். ரத்தம் சரியான அளவுக்கு வந்த பிறகும் சேமிப்புக்காக மூன்று மாதம் தொடர வேண்டும். சோகை எல்லாமே இரும்புக் குறைவு அல்ல. பி12 குறைவு, குடல் புழு, தலசீமியா என்று வேறு காரணமும் இருக்கலாம். அதனால் பரிசோதித்துக்கொண்டு சாப்பிடுவதே முறை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் மாத்திரையை எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நிறைய விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எனக்கு எட்டு மாதம் பிடித்தது. 9.2, 10.4, 11.7 என்று காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் 12.8.

பேர் தெரியாது சாமி

பேரனுக்கு முதல் பிறந்தநாள். கோயிலுக்குப் போனோம். குழந்தை பேருக்கும் மகள், மாப்பிள்ளை பேருக்கும் அர்ச்சனை ஆயிற்று. சம்பந்தியம்மா தனியாக ஒரு சீட்டை நீட்டினார்கள்.

"பேர், நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"பேர் தெரியாது சாமி. நட்சத்திரமும் தெரியாது. ஓ பாசிட்டிவ்னு மட்டும் தெரியும். ரெண்டு பேரு. அவங்க நல்லா இருக்கணும்."

குருக்கள் ஒரு கணம் பார்த்தார். பிறகு, "சர்வ ஜனங்களும்னு பண்ணிடறேன்" என்று சொல்லி உள்ளே போனார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறு வாரம் நான் அதே பிளட் பேங்குக்குப் போனேன். கூட என் ஓரகத்தியின் மூத்த பையனும் வந்தான். அவன் அம்மாவிடம் நான்தான் பேசினேன். 18 வயதுக்கு மேல், எடை 45 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நாலு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், பிரசவமாகி ஒரு வருஷம் ஆகாதவர்களும், மாதவிலக்கு நாட்களில் இருப்பவர்களும் கொடுக்கக்கூடாது. எடுப்பது 350 மில்லி. நீர்ப் பங்கு ஓரிரு நாளில் ஊறிவிடும், அணுக்கள் சில வாரத்தில் ஊறிவிடும். எப்படியும் ஒரு சிவப்பணு 120 நாள்தான் உயிரோடிருக்கும். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் புதிதுதான் ஊற வேண்டும். முன்பெல்லாம் வறுமைக்கு ரத்தம் விற்றவர்கள் இருந்தார்கள். சுப்ரீம் கோர்ட் 1996-ல் சொன்ன தீர்ப்பால் 1998 ஜனவரி முதல் அந்த விற்பனை நின்றது. இப்போது கொடுப்பவர்கள் மனசை நம்பித்தான் பிளட் பேங்குகள் நடக்கின்றன.

அதே பெண், அதே மெஷின். "விரலை நீட்டுங்கம்மா." நீட்டினேன். இந்தத் தடவை அவள் சிரித்தாள்.

என் பை நிறைந்ததும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நம்பர், குரூப், தேதி. என் பேர் இல்லை. யாருக்குப் போகும் என்று நான் கேட்கவில்லை.

சகோதரிகளே, உங்களை உடனே போய் ரத்தம் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முந்தின காரியம் ஒன்று இருக்கிறது. இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மகளையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். மூன்று பேரும் விரலை நீட்டுங்கள். வருகிற எண்ணை, பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே எழுதிவையுங்கள். 12-க்குக் கீழே இருந்தால், கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இருந்தால், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்று ராத்திரி சாப்பாட்டில் ஒரு முட்டையோ, ஒரு கரண்டி கீரையோ, உங்கள் தட்டில் முதலில் எடுத்துவைத்துவிட்டுப் பிறகு பரிமாறுங்கள்.